நரி மண்டலத்து நீலக் கோள்: ஒரு நாட்குறிப்பு

27 அக்டோபர் 2024

தம் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றும், வெப்ப வியாழன்கள் என்று அழைக்கப்படும் பெருங்கோள்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தப் பருவத்தில் அது மேற்கே சாயும்வரை அதைப் பற்றியே எழுதுவதாக இருக்கிறேன். நான் தேர்ந்திருப்பது நரி (வல்பெகுலா) விண்மீன் மண்டலத்தில், எச்டி 189733 என்ற விண்மீனைச் சுற்றும் எச்டி 189733 பி. 2005இல் தென் பிரான்சின் ஓத் புரோவான்ஸ் வானாய்வகத்தில், ஃபிரான்சுவா பூஷி தலைமையிலான குழு 1.93 மீட்டர் தொலைநோக்கியால் இதைக் கண்டுபிடித்தது. பத்து ஆண்டுகளுக்கு முன், சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றுவதாக முதலில் அறியப்பட்ட 51 பெகாசி பி கோளைக் காட்டித் தந்ததும் அதே தொலைநோக்கிதான்.

கோள் வியாழனைவிடச் சற்றே பெரியது. ஆனால் அது தன் விண்மீனிலிருந்து ஏறத்தாழ 47 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலேயே சுற்றுகிறது. சூரியனிலிருந்து புதன் இருக்கும் தொலைவில் இது பன்னிரண்டில் ஒரு பங்குதான். அங்கே ஓர் ஆண்டு என்பது நம் கணக்கில் 2 நாள் 5 மணி 15 நிமிடம். இவ்வளவு நெருக்கத்தில் ஈர்ப்பின் ஓதவிசை (அருகிலுள்ள பக்கத்தை மறுபக்கத்தைவிடக் கூடுதலாக இழுப்பது) கோளின் தற்சுழற்சியைக் கட்டிப்போட்டுவிடுவதால், ஒரு முகம் எப்போதும் பகலாகவும் மறு முகம் எப்போதும் இரவாகவும் இருக்கும் என்று கொள்கிறார்கள்.

2 நவம்பர் 2024

தீபாவளிப் புகை இன்னும் முழுவதுமாக விலகவில்லை. வானத்தைப் பார்க்க வழியில்லாததால் படிப்புதான்.

இந்தக் கோளைப் பற்றிப் பொதுவாக எழுதுபவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்பவை இரண்டு: அது நீல நிறம், அங்கே கண்ணாடி மழை பக்கவாட்டில் அடிக்கிறது. முதலாவதற்கு அளவீடு உண்டு. கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது மொத்த ஒளியில் எந்த நிறம் குறைகிறது என்பதை ஹபிள் தொலைநோக்கியால் அளந்த டாம் எவன்ஸும் உடன் ஆய்வாளர்களும், நீலப் பகுதியில் குறைவு தெரிந்ததையும் பச்சைப் பகுதியில் அவ்வாறு தெரியாததையும் 2013இல் வெளியிட்டார்கள். அந்த நீலம் கடலின் நீலம் அன்று. உயரத்தில் மிதக்கும் நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்பதே அவர்களுடைய விளக்கம். கண்ணாடி மழையோ, அத்துகள்கள் சிலிக்கேட்டாக (கண்ணாடியைப் போலச் சிலிக்கன் கலந்த பொருளாக) இருக்கலாம் என்ற ஊகத்தையும், காற்றின் வேகம் பற்றிய அளவீட்டையும் ஒட்டவைத்துச் செய்த சித்திரம். காற்று மெய்தான்: 2015இல் வாரிக் பல்கலைக்கழகத்தின் டாம் லவுடனும் பீட்டர் வீட்லியும் கோளின் இரு விளிம்புகளையும் தனித்தனியே அளந்து, மணிக்கு 8,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தைக் கண்டார்கள். மழையை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

5 நவம்பர் 2024, நள்ளிரவு

இன்றைய கடப்பின், அதாவது கோள் விண்மீனுக்கு முன்னால் கடந்துபோவதன், நடுப்பகுதி இந்திய நேரப்படி இரவு சுமார் எட்டரை மணி. விண்மீனின் ஒளித்தரம் 7.7, வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிறிய இருகண் நோக்கிக்கே அகப்பட்டுவிடும். டம்பெல் நெபுலா என்னும் வாயு முகிலுக்கு மிக அருகில், அரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் இருப்பதால் இடத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. விண்மீனின் உரு ஒரே புள்ளியில் குவிந்து உணரியை நிரப்பிவிடாதபடி குவியத்தை வேண்டுமென்றே சற்றுக் குலைத்து, அதே சட்டகத்தில் உள்ள வேறு விண்மீன்களோடு ஒப்பிட்டுக்கொண்டே தொடர்ந்து படங்கள் எடுத்தேன்.

கடப்பின்போது ஒளி குறைவது சுமார் 2.4 விழுக்காடு. படங்களை அளந்து வரைந்தபோது புள்ளிகள் நிறையச் சிதறியிருந்தாலும், வளைகோடு கீழே இறங்கி, ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் தாழ்ந்திருந்து, மீண்டும் ஏறியது ஐயமில்லாமல் தெரிந்தது. கோளை நான் பார்க்கவில்லை. சுமார் 65 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட விண்மீன் ஒளியில் ஒரு சிறு பற்றாக்குறையைப் பார்த்தேன். இந்தக் கோளைப் பற்றிப் பெரிய தொலைநோக்கிகள் சொன்னவற்றில் பெரும்பகுதியும் இத்தகைய கழித்தல் கணக்குதான்.

6 நவம்பர் 2024

கழித்தல் கணக்கில் சிக்கல் உண்டு. எச்டி 189733 சூரியனைவிடச் சிறிய, ஆரஞ்சு நிற விண்மீன். ஏறத்தாழ 12 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. மேற்பரப்பில் கரும்புள்ளிகள் மிகுதி. கோள் கடக்காத பகுதியில் குளிர்ந்த புள்ளிகள் இருந்தால், கோள் மறைக்கும் பகுதி சராசரியைவிடப் பிரகாசமானதாக இருக்கும். அதனால் கடப்பு உண்மையைவிட ஆழமாகத் தோன்றும், அதுவும் நீல ஒளியில் கூடுதலாக. வளிமண்டலத் தூசுமூட்டமும் கடப்பில் இதே அடையாளத்தைத்தான் பதிக்கும்! பீட்டர் மெக்கல்லோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல், நீராவியின் தடத்தைக் காட்டிய அதே கட்டுரையில், தூசுமூட்டம் இல்லாத தெளிந்த வளிமண்டலமும் புள்ளிகள் உள்ள விண்மீனும் சேர்ந்தே அளவீடுகளை விளக்கிவிடக்கூடும் என்று வாதிட்டார்கள். என் பார்வையில் இந்தக் கோளைப் பற்றிய மிகப் பயனுள்ள எதிர்வாதம் இதுதான். விண்மீனைச் சரியாக அறியாமல் கோளைப் பற்றி உறுதியாகப் பேச முடியாது என்பதை அது எல்லோருக்கும் உணர்த்தியது.

10 நவம்பர் 2024

இவ்வாண்டு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி சிலவற்றைத் தெளிவாக்கியிருக்கிறது. ஜூலையில் குவாங்வெய் ஃபூவின் குழு ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கண்டதாக அறிவித்தது. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான அதே வாயு. முன்பு இருப்பதாகச் சொல்லப்பட்ட மீத்தேன் அதில் அகப்படவில்லை. பகல் முகத்தின் அகச்சிவப்பு ஒளியை ஆராய்ந்த மற்றொரு குழு, குவார்ட்ஸ் (படிகச் சிலிக்கா) நுண்துகள் மேகங்களின் தடத்தைக் காட்டியிருக்கிறது. இந்தத் தடம் கோளே உமிழும் வெப்ப ஒளியிலிருந்து வருவது. கடப்பு அளவீட்டைக் குழப்பும் புள்ளிகள் இதை அவ்வளவு பாதிப்பதில்லை. எனவே சிலிக்கா அங்கே உண்டு என்பதை இப்போது ஏற்கலாம். அது மழையாகப் பொழிகிறதா என்பது வேறு கேள்வி.

16 நவம்பர் 2024

இன்றைய கடப்பின் நடுநேரத்தில் விண்மீன் அடிவானத்தை ஒட்டிவிடும் என்பதால் கருவியை எடுக்கவில்லை.

விண்மீன் கோளை எப்படி வதைக்கிறது என்பதற்கு 2011 செப்டம்பர் நிகழ்வைச் சொல்வார்கள். 2010 ஏப்ரலில் ஹபிள் பார்த்தபோது கோளிலிருந்து ஹைட்ரஜன் தப்பிச் செல்வதாகத் தெரியவில்லை. 2011இல் பார்த்தபோது நொடிக்கு ஆயிரம் டன்னுக்குக் குறையாமல் வெளியேறிக்கொண்டிருந்தது. அதற்குச் சுமார் எட்டு மணி நேரம் முன்பு விண்மீனில் ஓர் எக்ஸ்-கதிர் வெடிப்பை ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பதிவுசெய்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பது இயல்பாகத் தோன்றினாலும், ஒரே ஒரு நிகழ்வை வைத்து அதை நிறுவ முடியாது.

எதிர்த்திசையிலும் தாக்கம் இருக்கலாம் என்பது எனக்கு இன்னும் சுவையானது. இந்த விண்மீனுக்குத் தொலைவில் ஒரு செங்குறுமீன் (சிறிய, மங்கிய செந்நிற விண்மீன்) துணையாக இருக்கிறது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என்றால் வயதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இத்தகைய விண்மீன்களுக்கு வயது கூடக் கூடச் சுழற்சி மந்தமாகும், எக்ஸ்-கதிரும் குறையும். ஆனால் வேகமான சுழற்சியையும் மிகுந்த எக்ஸ்-கதிர்களையும் பார்த்தால் முதன்மை விண்மீன் இளையது போலவும், எக்ஸ்-கதிரில் மங்கியிருக்கும் துணை பல நூறு கோடி ஆண்டு மூத்தது போலவும் தெரிகின்றன. காட்யா பாப்பன்ஹேகரும் ஸ்காட் வோல்க்கும் 2014இல் முன்வைத்த விளக்கம் இது: விண்மீன் உண்மையில் முதியதே, நெருங்கிச் சுற்றும் கோள்தான் ஓதவிசையால் அதன் சுழற்சி மந்தமாகாதபடி வைத்திருக்கிறது. அது சரியென்றால், மேலே நான் எழுதிய கரும்புள்ளிகளுக்கும் வெடிப்புக்கும் கோளும் ஒரு காரணமாகிறது.