அச்சார் மேல் விழுந்த பழி

புற்றுநோய்க்கு மூன்றாம் முறை மருந்து ஏற்றிக்கொண்டு அத்தை மொரிஷியஸின் ரோஸ் ஹில்லுக்குத் திரும்பிய வாரம், வீட்டுக் கருவி ரத்த அழுத்தம் 170/100 என்று காட்டியது. என் மனைவி செய்த முதல் வேலை, அச்சார் பாட்டிலைத் தூக்கிப் பரணில் வைத்ததுதான். கோஸும் கேரட்டும் கடுகிலும் மஞ்சளிலும் ஊறிய ஊறுகாய் அது, அத்தையின் சொந்தக் கைப்பக்குவம். "எல்லாம் உப்பின் வேலை" என்று தீர்ப்பு. அத்தை எதுவும் பேசாமல் வெறும் பருப்பில் சோற்றைப் பிசைந்தார்.

எனக்கு உறுத்தியது. நாற்பது வருஷமாக அதே அச்சார்; அழுத்தம் 130ஐத் தாண்டியதில்லை. உயிரியல் பாடம் நடத்திப் பிழைப்பவன் என்பதால் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பெவாசிசுமாப்: கட்டிக்குப் புது ரத்தக் குழாய் முளைக்காமல் தடுக்கும் மருந்து.

ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர, கட்டிக்குத் தனக்கென ரத்தக் குழாய்கள் வேண்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் இதை எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. கட்டி, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது பக்கத்துக் குழாயின் உட்சுவர்ச் செல்லைத் தொட்டதும், அங்கே அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. சில நொடிகளே தங்கும் வாயு. அதற்குள் குழாய் விரிகிறது, உட்சுவர்ச் செல்கள் பெருகிக் கட்டியை நோக்கி நகர்கின்றன. அவசரத்தில் வெட்டிய வாய்க்கால் போல அந்தப் புதுக்குழாய்கள் கோணலும் கசிவுமாக இருக்கும்.

இதற்காக அந்த வாயுவைத் திட்ட எனக்கு மனமில்லை. நெஞ்சுவலிக்கு மாமா நாக்கின் அடியில் வைத்துக்கொண்ட நைட்ரோகிளிசரின் மாத்திரையும் இதைத்தான் தந்தது. குழாய்களை விரிப்பது இது என்று கண்டறிந்தவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அளவு மிகுந்தால் புற்றுச் செல்லையே கொல்லவும் செய்யும்.

அத்தையின் மருந்து வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. கட்டியின் அழைப்பு நிற்கிறது. ஆனால் உடம்பின் மற்றக் குழாய்களும் அந்தப் புரதத்தின் தயவில்தான் அன்றாடம் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு செய்துகொண்டிருந்தன. அது குறைந்ததும் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது.

அச்சார் கதையைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். "உப்பு அளவாக இருக்கட்டும். ஆனால் இது மருந்தால் வந்ததுதான்" என்று ஒரு மாத்திரை எழுதினார்.

அன்று மாலை மனைவியே ஏணி போட்டு பாட்டிலை இறக்கினாள். அத்தை மூடியைத் திறந்து முகர்ந்தார். "எண்ணெய் வற்றிவிட்டது, ஊற்று" என்றார்.