உதவி வகுப்பறைக்குள்ளேயே தொடங்கட்டும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்கள் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோருக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்க வேண்டும்; ஆனால் சேர்ந்தபின் கிடைக்கும் உதவி, பல இடங்களில், தேர்வன்று சொல்வதை எழுதுபவரோடும் கூடுதல் நேரத்தோடும் நின்றுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதை ஒலியாக வாசித்துக் காட்டும் மென்பொருள், ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்த தமிழ்க் குறிப்பை வாசிக்கும்; ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் உள்ளதைப் பொருளற்ற எழுத்துக் குவியலாக உச்சரிக்கும்; படமாக மட்டும் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கத்தில் அதற்கு வாசிக்க எதுவுமே இருக்காது. ஆகவே, குறிப்புகளை ஒருங்குறியில் முன்கூட்டியே அனுப்புவதும், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்வதும் கற்பித்தலின் பகுதியே. தமிழ்வழியில் படித்துவந்து ஆங்கில விரிவுரையில் திணறும் முதல் தலைமுறை மாணவருக்கும் இவை பயன்படும். அதற்காக அவர் எந்த அலுவலகத்திலும் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை.