செம்மண் நாட்டில் ஒரு ட்ரெய்லர்க்காரன்

மகள் அடிலெய்டில் இருக்கிறாள். நம்மவர்கள் ஆஸ்திரேலியா போனால் சிட்னி பாலத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எனக்கு நாட்டின் நடுவே அவுட்பேக் என்று சொல்லும் வறண்ட பகுதியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அங்கே இருக்கும் உலூரு என்ற பெரிய பாறைக்காக இல்லை, லாரிக்காக. தண்டையார்பேட்டையில் நாலைந்து ட்ரெய்லர் வைத்துத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் அடிக்கிறவன் வேறு எதைப் பார்க்க ஆசைப்படுவான்?

அங்கே ஓடுவதை ரோட் ட்ரெயின் என்கிறார்கள். முன்னால் ஒரு இழுவை வண்டி, பின்னால் வரிசையாக மூன்று ட்ரெய்லர், மொத்தம் 53.5 மீட்டர் வரை. நம்ம 40 அடி பெட்டி நான்கை வரிசையாக வைத்தாலும் அந்த நீளம் வராது. அந்தப் பகுதியில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரிலிருந்து தெற்கே போகிற ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் எர்ல்டுண்டா என்ற இடத்தில் ஒரு பங்க் இருக்கிறது. டீசல் போட நின்ற வண்டியை நான் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு ட்ரெய்லரை அடுத்ததோடு கோக்கும் இணைப்பு, காற்று பிரேக் குழாய்கள், முகப்பில் கங்காரு மோதினால் தாங்குவதற்கு இரும்புக் கம்பித் தடுப்பு. மாப்பிள்ளை டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தார். எங்க ஊரில் துறைமுகத்து ஜீரோ கேட் வாசல் வரிசையில் நிற்பதே பாதி வேலை என்று சொல்லச் சொன்னேன். அந்த மனுஷன் சிரித்துவிட்டு, இங்கே சாலையில் ஏறி நிற்கும் மாடுதான் தொல்லை என்றார். அது நமக்கும் உண்டே!

காரில் போகிறவர்கள் கவனிக்க: இவர்களை முந்த வேண்டுமென்றால் எதிரே வெகுதூரம் காலியாகத் தெரிய வேண்டும். எதிரில் வந்து கடக்கும்போது காற்று காரை ஒரு தள்ளு தள்ளும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம். ஊருக்கு வெளியே ராத்திரி ஓட்டினால் பல வாடகைக் கார்களுக்கு இன்சூரன்ஸும் கிடையாது.

எர்ல்டுண்டாவில் மேற்கே திரும்பினால்தான் உலூரு. ஆலிஸிலிருந்து கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர். 348 மீட்டர் உயரம், தனியாக நிற்கிறது. சாயங்காலம் நிறம் மாறுவதைப் பார்க்க எல்லோரும் காரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள், அழகுதான், ஆனால் என்னைக் கேட்டால் காலையில் அடிவாரத்தைச் சுற்றி நடப்பதுதான் விசேஷம். பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும், சமதரை, முழங்கால் தாங்கும். கிட்டே போனால் பாறை மேல் செதில் செதிலாக உரிந்திருக்கிறது. அந்தச் சிவப்பு முழுக்கத் துரு. பாறையில் இருக்கும் இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்திருக்கிறது. உள்ளே சாம்பல் நிறம், குகைகளில் தெரிகிறது. யார்டில் தினம் துருவைத் திட்டுகிறவன் அன்றைக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மேலே ஏற முடியாது. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான அனங்கு மக்களுக்கு அது புனிதமான இடம். 2019 அக்டோபரோடு ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். சில இடங்களில் போட்டோ எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். எடுக்காதீர்கள்.

பக்கத்தில் கட்டா ஜுட்டா, 36 குன்றுகள். அதையும் விட்டுவிடாதீர்கள். ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்ப்பது காசுக்குக் கேடு.

ஆலிஸில் டாட் என்று ஒரு ஆறு, பெரும்பாலும் வெறும் மணல். அதில் படகுப் போட்டி நடத்துகிறார்கள்! அடித்தளம் இல்லாத படகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடுவது. 1993-இல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் போட்டியை ரத்து செய்தார்களாம். காசிமேட்டு நண்பரிடம் சொன்னேன், இன்னும் நம்பவில்லை.

போவதாக இருந்தால் ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள் போங்கள். பகலில் இதமான வெயில், ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. மற்ற மாதங்களில் வெயிலோடு ஈயும் சேர்ந்து மூக்கு, காது எங்கும் மொய்க்கும், தலைக்கு வலை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எந்த பங்க் கண்ணில் பட்டாலும் டேங்கை நிரப்பிவிடுங்கள். அடுத்தது நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.