ஆலை கேட்டைத் தாண்டிய ஆசிட் வண்டி

எங்களுக்குப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. கொச்சியை ஒட்டிய ஏலூர்ப் பக்கத்து ஆலையில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏற்றி, வாளையார் வழியாகக் கோவை முலாம் பட்டறைகளில் இறக்கலாம் என்று செகண்ட் ஹேண்டில் ஒரு டேங்கர் வாங்கினோம். 2023 மாடல். எஃப்.சி. (தகுதிச் சான்று) இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, அப்புறம் என்ன என்றார் விற்றவர். ஆலைக்காரர்கள் கேட்ட பட்டியலில் அவை இரண்டும் முதல் இரண்டு வரிதான்.

ஆபத்தான சரக்கு ஏற்றும் பெரிய லாரி 2023 ஜனவரிக்குப் பிறகு தயாரானதென்றால் ஏ.ஐ.எஸ். 140 என்ற இந்திய வாகனத் தரத்தில் ஜி.பி.எஸ். கருவி கட்டாயம். எங்கள் வண்டியில் கருவி இருந்தது, சிம் செத்துக் கிடந்தது. புதுப்பித்துக் கொடுத்த டீலர் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு என் போனைப் பார்க்கச் சொன்னார். கரண்ட் துண்டிப்பு என்று தகவல் வந்து விழுந்தது. கருவி தன் உள்பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லி வாங்குங்கள். வழியில் குதிரான் சுரங்கத்துக்குள் வண்டி மறைந்துபோனால் பதற வேண்டாம். உள்ளே சேமித்ததை வெளியே வந்ததும் அனுப்பிவிடும்.

ஸ்பீடு கவர்னர் சுலபம். மற்ற லாரிக்கு 80, நமக்கு 60. சீல் சரியாக இருந்தது, சான்றிதழ் கிடைத்தது.

டிரைவர் அண்ணனின் லைசென்ஸில் ஆபத்தான சரக்குக்கான பதிவு வேண்டும். அதற்கு 3 நாள் வகுப்பு. "இத்தனை வருசம் ஓட்டினவனுக்கு என்ன தம்பி பாடம்?" என்று முனகிக்கொண்டுதான் போனார். திரும்பி வந்து, கசிந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்க்கணும், காற்று வரும் பக்கமாகத்தான் ஒதுங்கணும் என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

மாட்டிக்கொண்டது பெயின்டில். டேங்கின் பக்கவாட்டிலும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை எழுத வேண்டும்: சரக்கின் பெயர், ஆபத்தான சரக்குகளை அடையாளம் காட்டும் ஐ.நா. எண், போன் நம்பர், கையிலும் உலோகத்திலும் சொட்டு விழும் படம் போட்ட, 8-ஆம் வகையான அரிக்கும் சரக்குக்குரிய சாய்சதுரம். பெயின்டர் அழகாகத்தான் எழுதியிருந்தார். கேட்டில் பாதுகாப்பு அதிகாரி பலகை முன் நின்று, கையிலிருந்த தாளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் எண் 1789. பலகையில் 1798. அது தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகத்தின் எண்! வண்டி கவிழ்ந்தால் தீயணைப்புக்காரர்கள் அந்த எண்ணை நம்பித்தான் கிட்டே வருவார்கள். அன்றைக்கு லோடு இல்லை. எனக்குக் கோபம் வந்தது உண்மை, ஆனால் அந்த மனிதர் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்த முறை எண்ணைப் பார்த்துவிட்டு, அவசரத்தில் என்ன செய்வது என்று சொல்லும், கேபினில் இருக்க வேண்டிய ட்ரெம் கார்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "வால்வு ஒழுகுனா எந்து செய்யும்?" அண்ணன் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்: வண்டியை ஊரை விட்டுத் தள்ளி நிறுத்துவேன், ஆட்களை விலக்குவேன், கார்டில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுவேன். அவர் தலையாட்டியதும் கேட் திறந்தது.

லோடு ஏறும் நேரத்தில் பேச்சு டிரைவர் இல்லாத லாரிக்குப் போனது. அமெரிக்காவில் டல்லாஸ்–ஹூஸ்டன் சாலையில் 2025-இல் அப்படி ஓட ஆரம்பித்தது ஆரோரா கம்பெனி. அங்கே லாரி வழியில் நின்றால் 10 நிமிடத்துக்குள் சாலையில் எச்சரிக்கை முக்கோணம் வைக்க வேண்டும் என்று சட்டம். யார் இறங்கி வைப்பது? பதிலாகக் கேபினில் மின்னும் விளக்கு வைக்கிறோம் என்று அந்தக் கம்பெனி கேட்டதை 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு மறுத்திருந்தது. "முக்கோணத்துக்கே இந்தப் பாடு, வால்வை யார் முறுக்குவாங்க?" என்றார் அண்ணன்.

அந்த லைசென்ஸ் பதிவு 3 வருடம் செல்லும். எஃப்.சி. வண்டிக்கு 8 வயதாகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை. பலகைக்கு இப்போது ஸ்டென்சில் வெட்டி வைத்திருக்கிறோம்; வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.