முதலில் நிற்க வேண்டும்: ஒரு 1965 மொறிஸ் மைனரோடு இரண்டு வருடம்

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பக்கத்திலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். எஸ்.யு. கொம்பனியின் பெற்றோல் பம்ப் அது. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர் நிரம்பும்வரை வேகமாக அடிக்கும், நிரம்பியதும் நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை.

இந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அப்பாவிடம் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருந்தது. 948 சிசி எஞ்சின். திரும்புவதற்கு முன் கதவுத் தூணிலிருந்து சின்னக் கைபோல எழும்பும் சிக்னல். 1990க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனபோது அப்பா அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணினால், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அப்பா அதை விரலில் தேய்த்து, மணந்து பார்த்துத்தான் ஒயில் மாற்றும் நாளை முடிவு செய்வார். 1995 ஒக்ரோபர் கடைசியில், போரில், எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அப்பம்மாவை முன் இருக்கையில் இருத்தி எங்களைச் சாவகச்சேரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கார்தான்.

அதனால்தான் 2019இல் லண்டனில் எனக்கென்று ஒரு மைனர் வாங்கினேன். 1965ஆம் ஆண்டு வண்டி, நாலு கதவு, 1098 சிசி, நீலம் கலந்த சாம்பல் நிறம். 3,200 பவுண் கொடுத்தேன். பெயின்ற் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்து வாங்கியது பிழை. இந்தக் காரை வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, மேலே பார்க்காதீர்கள், கீழே படுத்துப் பாருங்கள்.

மைனரில் தனிச் சட்டகம் (சேசிஸ்) கிடையாது, உடலேதான் சட்டகம். முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஒரு பெட்டிச் சட்டகம் ஓடுகிறது. முன் சில்லுகளைத் தாங்குகிற நீளமான முறுக்குக் கம்பிகளின் (டோர்ஷன் பார்) பின்முனை அதில்தான் பிடித்திருக்கிறது. அது உக்கிப்போனால் காரின் முன்பக்கம் கீழே இறங்கிவிடும். பின் ஸ்பிரிங்குகள் தொங்கும் இடங்களும் அப்படித்தான். என்னுடையதில் கார்ப்பெற்றைத் தூக்கி ஸ்குறூ ட்றைவரால் தட்டிக்கொண்டு போனபோது ‘டங் டங்’ என்ற சத்தம் ஓரிடத்தில் ‘பொத்’ என்று மாறியது. குத்தினேன், உள்ளே போய்விட்டது. முன்பு யாரோ கறள் பிடித்த தகட்டை வெட்டி எடுக்காமல் அதன்மேல் புதுத் தகட்டை வைத்து வெல்டிங்கில் ஒட்டி, கறுப்புத் தார் பூசி மறைத்திருந்தார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்கி, கறள் இன்னும் வேகமாகப் பரவியிருந்தது. மற்றவர்களின் உயிர் ஏறும் இடத்தில் இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. குறுக்குச் சட்டகம், இரண்டு பக்கமும் கதவுகளுக்குக் கீழே ஓடும் தகடுகள், ஸ்பிரிங் தாங்கிகள் எல்லாம் புதிதாகப் போட்டு ஒட்டி முடிக்க ஐந்து மாதம் போனது. செலவு, வாங்கிய விலையைத் தாண்டியது. உதிரிப்பாகம் கிடைக்காதோ என்ற பயம் மட்டும் வேண்டாம். பதினாறு இலட்சம் வரை செய்த கார் இது. தகடுகள், றப்பர், போல்ற் வரைக்கும் இன்றும் புதிதாக வாங்கலாம்.

ஒட்டு வேலை நடக்கும்போதே எஞ்சினை மாற்றும் ஆசை வந்துவிட்டது. மொறிஸ் மரினாவில் வந்த 1275 சிசி எஞ்சினும் மைனரின் எஞ்சினும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம்தான், நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். பிரித்தானியச் சட்டமும் தடுக்காது. 40 வருடம் தாண்டிய கார்களுக்கு 2018 மே 20இலிருந்து எம்.ஓ.ரி. என்ற வருடாந்த வாகனப் பரிசோதனை கட்டாயமில்லை, ஆனால் கடந்த 30 வருடத்துக்குள் காரைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. ஒரே அடிப்படை எஞ்சினின் வேறு கொள்ளளவைப் போடுவது பெரிய மாற்றமாகக் கணக்கில் வராது. எல்லாம் வாசித்து, எஞ்சினுக்கு விலையும் கேட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன்.

“பிறேக் என்ன பிறேக்?” என்று கேட்டார் அப்பா.

“டிறம்தான் அப்பா. கொம்பனி போட்டது.”

“தம்பி, முதல் நிக்கப் பண்ணு. ஓடுறதைப் பிறகு பாப்பம்.”

எஞ்சினுக்கு ஒதுக்கிய காசு பிறேக்குக்குப் போனது.

பிறேக்கின் நிலைமை எனக்கே தெரிந்திருந்தது, நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ட்ரபிக் லைட்டில் மிதித்துப் பிடித்திருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மாஸ்ரர் சிலிண்டருக்குள் இருக்கும் றப்பர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மைனரில் அந்தச் சிலிண்டரை வைத்திருக்கும் இடம் இருக்கிறதே, அதைச் செய்யும்போதுதான் முழுதாகப் புரியும். ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டகப் பெட்டிக்குள் இருக்கிறது. பிறேக் ஒயில் விடவே கார்ப்பெற்றைத் தூக்கி மூடியைத் திறக்க வேண்டும். குறுக்காகப் போகும் இரண்டு நீளப் போல்ற்கள் அதைப் பிடித்திருக்கின்றன. நட்டைக் கழற்றிவிடலாம், ஆனால் போல்ற்றை வெளியே இழுத்தால் டோர்ஷன் பாரில் போய் முட்டும். அதன் பாரத்தை இறக்கி ஒருபக்கம் நகர்த்தினால்தான் போல்ற் வரும். எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போனது. புதுச் சிலிண்டரைப் பூட்டும்போது போல்ற்களை மறுபக்கத்திலிருந்து போட்டேன். அடுத்த முறை கழற்றுகிறவர் டோர்ஷன் பாரைத் தொடவே தேவையில்லை.

இந்தக் காரின் பிறேக் ஒரே சுற்று. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நாலு சில்லுக்கும் பிறேக் போய்விடும், மிச்சம் கை பிறேக் மட்டுமே. அதனால் பழைய இரும்புக் குழாய்களையெல்லாம் எறிந்துவிட்டு செப்பு-நிக்கல் குழாய் போட்டேன், றப்பர்க் குழாய்களும் புதிது. முன்னுக்கு டிறமைக் கழற்றி டிஸ்க் பிறேக். பின்னுக்கு டிறமே போதும்.

பூட்டி, பிறேக் குழாய்களிலிருந்து காற்றெடுத்து, பெருமையாக முதல் ஓட்டம் போனேன். ஐந்து மைல் தாண்டியதும் ஒரு கருகல் மணம். இறங்கி முன்சில்லுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறது. கையால் தள்ளினால் கார் அசைய மறுக்கிறது. டிஸ்க்கைப் பட்டைகள் விடாமல் பிடித்திருந்தன. பட்டைகளை அழுத்தும் கலிப்பர் பழுதென்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினேன். காரணம் மாஸ்ரர் சிலிண்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன வால்வு. டிறம் பிறேக்கில் காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த வால்வு. டிறத்துக்குள் ஸ்பிரிங் இருப்பதால் அந்தக் கொஞ்ச அழுத்தத்தையும் மீறிப் பட்டைகள் திரும்பிவிடும். டிஸ்க்கில் திருப்பி இழுக்க ஸ்பிரிங் இல்லை, மிச்ச அழுத்தமே பட்டைகளைப் பிடித்து வைத்துவிடும். வால்வை எடுத்துவிட்டேன், அதோடு பிரச்சினை போய்விட்டது. டிஸ்க் மாற்றுகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பிறேக்குக்கு அடுத்ததாக ட்ரனியன். முன்சில்லைத் தாங்குகிற, மரை வெட்டிய மூட்டு அது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து கழன்று, சில்லு அப்படியே மடங்கிவிடும். மைனர்கள் தெருவோரம் ஒருபக்கம் சரிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். 3,000 மைல் என்று பழைய கைநூல் சொல்கிறது. நான் 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் துப்பாக்கியோடு கீழே படுத்துவிடுவேன். பத்து நிமிட வேலை.

மின்சார வேலை அவ்வளவு கஷ்டமில்லை. மைனர் வந்தபோது பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அதை எதிர்முனையாக மாற்றி, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றி அல்ரநேற்றர் போட்டேன். தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். பம்புக்கும் முனை பார்க்க வேண்டும், எல்லாப் பம்பும் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவராது. மழை இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஒன்றாகப் போட்டால் முன்பு வெளிச்சம் மங்கும், இப்போது இல்லை.

எஞ்சினில் மாற்றியது ஒன்றே ஒன்று. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தது. பிரித்தானியாவில் பொது விற்பனையில் அது 1999 முடிவோடு நின்றுபோனது. ஈயம் இல்லாவிட்டால் எக்ஸோஸ்ற் வால்வு வந்து மூடி அமரும் வளையங்கள், அதாவது வால்வு இருக்கைகள், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தேய்ந்து போகும். எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிக் கடினப்படுத்திய வால்வு இருக்கைகள் போட்டுவிட்டேன். 2021 செப்ரெம்பரில் 10 சதவீதம் வரை எதனோல் கலந்த ஈ10 பெற்றோல் வந்ததிலிருந்து, பழைய றப்பருக்கு அது ஆகாதென்று எதனோல் குறைந்த ஈ5தான் அடிக்கிறேன்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘வரலாற்று வாகனம்’ என்ற வரி வகைக்கு மாற்றினால் வரி இல்லை, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வகையில் இருந்தால் லண்டனின் புகைக் கட்டணமும் கிடையாது. காப்புறுதிக்காரரிடம் டிஸ்க், அல்ரநேற்றர், இருக்கைப் பட்டி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். எம்.ஓ.ரி. தேவையில்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுகிறேன். என் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படட்டும்.

பின் இருக்கைக்குப் பட்டி போட்டது மகனுக்காக. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பட்டியில்லாத பழைய காரில் பின்னால் இருந்து போகச் சட்டம் விடுகிறது, எனக்கு மனம் விடவில்லை. தகட்டில் வெறுமனே ஓட்டை போடாமல், பாரத்தைப் பரப்பும் தடித்த தகட்டை ஒட்டி அதில் போல்ற் போட்டோம். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டுபோய் பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அலெக் இஸிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்தபோது, அகலம் போதாதென்று மாதிரிக் காரை நடுவால் அறுத்து விரித்துப் பார்த்தார். அப்படிக் கூட்டிய 4 அங்குலம்தான் அந்தப் பட்டி. 1948இல் கார் வந்தபோது இருந்தது, என் 1965 காரிலும் இருக்கிறது. மகன் ஸ்கேலைக் கொண்டுவந்து அளந்தான்.

எல்லாம் பூட்டி முடித்த ஞாயிறு காலை, போனை ஸ்பீக்கரில் போட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே மத்தியானம். சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக் டிக்.

“நிண்டிட்டுதோ?” என்றார் அப்பா.

“நிண்டிட்டுது அப்பா.”

“அப்ப சரி. ஸ்ராட் பண்ணு.”