கிண்ணத்துக்கு அடியில் எத்தனை?

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா எல்லாம் பற்றி மற்றவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது நம்முடைய முதலாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பற்றி. நம்மில் பலர் அதே டீச்சரிடம்தான் கூட்டவும் கழிக்கவும் கற்றோம். பெயர் போட்டுப் புகழ்வது அவருக்குப் பிடிக்காது என்பதால் டீச்சர் என்றே எழுதுகிறேன், படிக்கிறவர்களுக்கு யாரென்று தெரியும்.

இன்று நானும் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் பெரிய பெரிய பெயர்களோடு படித்த பல விஷயங்களை டீச்சர் ஒரு தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு செய்து காட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. பெட்டியில் இருந்தவை சட்டைப் பொத்தான்கள், போத்தல் மூடிகள், கூழாங்கற்கள், பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய குச்சிகள், ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அவ்வளவுதான்.

முதலில் எண்ணுவது. பொத்தான்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தி எண்ணச் சொல்வார். எண்ணி முடித்ததும், "சரி, எத்தனை இருக்கிறது?" என்று கேட்பார். பாதிப் பேர் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்துக்கும் விடை என்பது பெரியவர்களுக்குச் சொல்லவே தேவையில்லாத விஷயம், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு தனிக் கண்டுபிடிப்பு. கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் எண்ணுதலின் அடிப்படை விதிகள் என்று ஐந்தை வகுத்துச் சொன்னார்கள், அதில் இதுவும் ஒன்று. அப்புறம் டீச்சர் அதே பொத்தான்களை அகலமாகப் பரப்பி, "இப்போது கூடிவிட்டதா?" என்பார். ஆமாம் என்று கத்துவோம். அவர் தப்பு என்று சொல்லமாட்டார், எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். சுவிஸ் உளவியலாளர் பியாஜே பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்ததும் இதைத்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தக் கிண்ணத்தைப் பற்றி.

ஐந்து பொத்தானும் மூன்று பொத்தானும் சேர்ந்தால் எத்தனை என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை எண்ணுவோம். சரியான விடை வந்துவிடும். டீச்சர் அதோடு விடவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து பொத்தான்களைக் கிண்ணத்தால் மூடிவிட்டு மூன்றை வெளியே வைப்பார். "உள்ளே ஐந்து, வெளியே மூன்று, எல்லாம் சேர்த்து எத்தனை? கிண்ணத்தைத் தூக்கக் கூடாது." வகுப்பே அமைதியாகிவிடும். ஒருவன் கிண்ணத்தின் முதுகில் விரலால் ஐந்து முறை தட்டி எண்ணிவிட்டு வெளியே இருந்த மூன்றையும் தொட்டு எட்டு என்பான். இன்று என் வகுப்பிலும் பிள்ளைகள் அப்படியே தட்டுகிறார்கள், கண்ணுக்குத் தெரியாத பொத்தான்களை மனதில் வைத்துக்கொண்டு எண்ணுகிறார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்துவர, ஒரு நாள் பிள்ளை தட்டாமல் கிண்ணத்தின் மேல் கையை வைத்து "ஐந்து" என்று நிறுத்தி, பிறகு "ஆறு, ஏழு, எட்டு" என்று மேலே போகும். அந்த நொடியை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதுவரைக்கும் ஐந்து என்பது எண்ணி முடித்த ஒரு வேலை, இனிமேல் அது கையில் பிடித்துக்கொண்டு மேலே போகக்கூடிய ஒரு பொருள்.

பொருட்களைக் கையில் கொடுத்தால் கணக்கு வந்துவிடும் என்று நினைத்துப் பல பெற்றோர் வண்ண வண்ணமாக எண்ணும் பொருட்களை வாங்கிக் குவிக்கிறார்கள். கொடுப்பது நல்லது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பொருளும் எப்போதும் கண்முன்னே கிடந்தால் பிள்ளை காலம் முழுக்க ஒன்றிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கும், வேறு வழி தேட அதற்கு என்ன அவசியம்? கொடுக்கிற நேரமும் மறைக்கிற நேரமும் தெரிந்த ஆசிரியர்தான் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் கற்றலுக்குச் செயல், படம், குறியீடு என்று மூன்று நிலைகளைச் சொன்னார். நடுவில் இருக்கிற படத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறவர்கள் அதிகம். டீச்சர் குதிக்கவில்லை, மூடிய கிண்ணத்தையும் வெளியே கிடக்கும் பொத்தான்களையும் சிலேட்டில் வரையச் சொன்ன பிறகுதான் கூட்டல் குறியைப் போட்டுக் காட்டினார்.

பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குய்செனேரின் வண்ணக் கோல்களைப் பயிற்சியில் முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்கு உடனே இந்தக் கிண்ணம்தான் ஞாபகம் வந்தது. 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை பத்து நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், எதிலும் கோடு கிடையாது. மஞ்சள் ஐந்து, இளம்பச்சை மூன்று. இரண்டையும் முனையோடு முனை வைத்தால் பழுப்புநிற எட்டுக்குச் சரியாக வந்து நிற்கும். கோடு இல்லாததால் ஒவ்வொன்றாக எண்ணவே முடியாது, ஐந்தை ஐந்தாகவே பார்த்தாக வேண்டும். குய்செனேரின் கோல்களை 1950களில் பல நாடுகளுக்குக் கொண்டுபோனவர் கணிதக் கல்வியாளர் கேலப் கட்டேக்னோ.

கழித்தலுக்கு வருகிறேன். எட்டிலிருந்து மூன்றை எடு, மிச்சம் எத்தனை என்பது எல்லாப் பிள்ளைக்கும் சீக்கிரம் பிடிபடுகிறது, கையால் எடுக்கிற வேலைதானே. சிக்கல், எதையும் எடுக்காத கழித்தலில்தான். எட்டுச் சிவப்பு மூடியும் ஐந்து நீல மூடியும் வைத்து, "சிவப்பு எத்தனை அதிகம்?" என்று கேட்டால் பிள்ளைகள் "எட்டு" என்பார்கள். டீச்சர் எங்களையே எழுப்பி நிறுத்தினார். எட்டுப் பேர், ஐந்து நாற்காலி. "எல்லோரும் ஓடிப்போய் உட்காருங்கள். எத்தனை பேருக்கு நாற்காலி கிடைக்காது?" மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் எண்ணவேகூட இல்லை. 1983இல் ஹட்சன் என்ற ஆய்வாளர் பறவைகளும் புழுக்களும் உள்ள படங்களை வைத்து இதையே காட்டினார்: எத்தனை பறவை அதிகம் என்று கேட்டால் தடுமாறுகிற பிள்ளைகள், எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். நாற்காலி விளையாட்டுக்குப் பிறகு டீச்சர் சிவப்பு மூடி ஒவ்வொன்றின் கீழும் ஒரு நீல மூடியை வைக்கச் சொல்வார், ஜோடி இல்லாமல் நிற்பவைதான் வித்தியாசம். கிண்ணமும் திரும்பி வரும். மொத்தம் எட்டு, வெளியே ஐந்து தெரிகிறது, அடியில் எத்தனை? இது கூட்டலா கழித்தலா என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது. இரண்டும்தான் என்று அவர் சொல்லித்தரவில்லை, சண்டை போட விட்டார். அதற்காகவே அவரைக் கும்பிடுவேன்.

இரண்டாம் வகுப்பில் குச்சிகள். 32இலிருந்து 15ஐக் கழிக்க வேண்டும். மூன்று கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. ஐந்து உதிரிக் குச்சி கொடு என்று டீச்சர் கையை நீட்டுவார். நம்மிடம் இருப்பதோ இரண்டு. யாராவது ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்ற, பத்துக் குச்சியும் மேசை முழுக்க உருளும். உடனே டீச்சர் கேட்பார்: "இப்போது உன்னிடம் மொத்தம் எத்தனை குச்சி?" இந்தக் கேள்வியைப் பல ஆசிரியர்கள் கேட்பதே இல்லை. சில பிள்ளைகள் கூடிவிட்டது என்பார்கள், சிலர் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். மூன்று கட்டும் இரண்டும் 32 என்றால் இரண்டு கட்டும் பன்னிரண்டும் அதே 32தான் என்று பிடிபட்ட பிறகு ஐந்தைக் கொடுத்து, ஒரு கட்டையும் கொடுத்தால், மிச்சம் ஒரு கட்டும் ஏழும், 17. எழுத்தில் மட்டும் படித்த பிள்ளை ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து 23 என்று எழுதிவிடும், எந்த நாட்டு வகுப்பிலும் பார்க்கிற தப்பு இது. குச்சியைக் கையில் வைத்திருக்கிற பிள்ளைக்கு அப்படிச் செய்ய வழியே இல்லை, டீச்சரின் கை ஐந்து குச்சிக்காக நீட்டியபடி இருக்கிறதே.

தரையில் சாக்கட்டியால் எண்கோடு போட்டுத் தாண்டியதும் உண்டு. அதில் ஒன்று மட்டும்: நிற்கிற இடத்தையே ஒன்று என்று எண்ணினால் விடை ஒன்று பிசகும். தாண்டுவதைத்தான் எண்ண வேண்டும், நிற்பதை எண்ணக் கூடாது என்று டீச்சர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் செய்து பாருங்கள். முதலில் பத்துக்கு மேல் போக வேண்டாம், ஒரு கிண்ணமும் கொஞ்சம் பொத்தானும் போதும், விடை தெரிந்தாலும் வாயைத் திறக்காமல் காத்திருங்கள். விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள், பத்து விரலும் பிறக்கும்போதே கிடைத்த எண்ணும் கருவி. 8 உடன் 5 என்றால் எட்டைப் பத்தாக்க இரண்டு வேண்டும், மிச்சம் மூன்று, ஆக 13 என்று அந்த விரல்களிலிருந்தே வந்துவிடும்.

சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு ஒவ்வொரு ஆண்டும் கணினிகளும் நூலகப் புத்தகங்களும் அனுப்புகிறோம், மகிழ்ச்சி. இந்த முறை முதலாம், இரண்டாம் வகுப்புகளுக்கென்று குய்செனேர் கோல்களும் பத்துக் கட்டங்கள் கொண்ட பலகைகளும் சேர்த்து அனுப்புவோம். கூடவே இப்போது அங்கே படிப்பிக்கிற ஆசிரியர்களோடு காணொளியில் ஓரிரு மாலை உட்கார்ந்து, எதை எப்போது மூட வேண்டும் என்று பேச நான் தயார். நம் பள்ளியில் படித்துவிட்டு ஆசிரியராக இருக்கிற மற்றவர்களும் சேர்ந்துகொண்டால், பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.