வகுப்பைப் பார்த்த பிறகு என்ன பேசுகிறோம்?

செயல் ஆராய்ச்சி, அதாவது தான் செய்கிற வேலையைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்கிற முறை, என்றாலே பயிற்சிக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக ஒப்படைக்கிற கோப்பு என்பதுதான் நம்மில் பலருடைய நினைப்பு. தலைப்பும் பெரும்பாலும் மாணவரைப் பற்றியே இருக்கும்: எழுத்துப்பிழை, வருகை, வாய்ப்பாடு. தலைமையாசிரியர் தன் வேலையையே எடுத்துவைத்து ஆராய்வது அபூர்வம். நான் அதைத்தான் செய்தேன். முறை ஒன்றும் கடினமில்லை. நாம் உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான் சிக்கல். தகவல் தர வேண்டியவர்கள் எல்லோரும் நமக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள். அதைச் சமாளித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், மற்றதைச் சுருக்கிவிடலாம்.

முறைக்கு வயது அதிகம். உளவியலாளர் குர்ட் லெவின் 1946-இல் எழுதிய கட்டுரையிலேயே அடிப்படை இருக்கிறது: திட்டமிடு, செய், என்ன ஆனது என்று பார், பார்த்ததை வைத்து மறுபடி திட்டமிடு. 1953-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஸ்டீபன் கோரி இதைப் பள்ளி ஆசிரியர்களும் நிர்வாகிகளும் கையில் எடுக்க வேண்டும் என்று வாதாடினார். பின்னால் வந்தவர்கள் சுழற்சிப் படம் போட்டு அம்புக்குறி வரைந்தார்கள். படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இருந்தால் போதும்.

நான் முதலில் எழுதிய கேள்வி, ‘என் தலைமைத்துவத்தால் கற்பித்தல் தரத்தை எப்படி உயர்த்துவது?’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அளக்க முடியாது. அடித்துத் திருத்திக் கடைசியில் இங்கே வந்து நின்றேன்: ‘வகுப்பைப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் நான் பேசுகிற பேச்சு, அடுத்த சில வாரங்களில் அவர் வகுப்பில் எதையாவது மாற்றுகிறதா?’ நான் செய்யும் ஒரு வேலை, அது நடக்கும் ஓர் இடம், அதன் பிறகு தெரிய வேண்டிய ஒரு விளைவு. இவ்வளவு சிறிதாக்கிய பிறகுதான் வேலையே ஆரம்பமானது.

அப்புறம் சம்மதம். ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுகிறவரிடமே ஆசிரியர் சம்மதக் கடிதம் கொடுத்தால் அதற்கு என்ன மதிப்பு? விடுப்பு விண்ணப்பம் வருகிற அதே மேசை அது. மறுக்க முடியாத இடத்தில் வாங்குகிற சம்மதம் சம்மதமே இல்லை. அதனால் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கேட்டுக்கொண்டேன். வெளியிலிருந்து பார்த்துத் தயங்காமல் குறை சொல்கிற, ‘விமர்சன நண்பர்’ என்று இந்தத் துறையில் சொல்லும் பொறுப்பு. ஏற்பாடு இதுதான்: எங்கள் பேச்சு ஆசிரியரின் ஃபோனில் பதிவாகும். அதை நண்பருக்கு அனுப்புவதும் அழித்துவிடுவதும் அவர் இஷ்டம். யார் அனுப்பினார்கள் என்று நண்பர் எனக்குச் சொல்ல மாட்டார். அவர் பல பேச்சுகளைக் கலந்து, என் வாக்கியங்களை மட்டும் தட்டச்சு செய்து தருவார். ஆசிரியர் பேசிய இடத்தில் வெறும் புள்ளிகள், பேசிய நேரத்துக்கு ஏற்ப நீளமாகவோ குட்டையாகவோ.

அந்தப் புள்ளிகள்தான் எனக்குப் பெரிய பாடம் நடத்தின. என் பத்தி ஆறு வரி, கீழே நாலு புள்ளி. மறுபடி என் பத்தி. என் கேள்விகளை நண்பர் இரண்டு நிறத்தில் அடிக்கோடிட்டிருந்தார். பதில் தெரியாமல் நிஜமாகவே கேட்டதற்குப் பச்சை, பதிலை உள்ளே வைத்துக்கொண்டு கேட்டதற்குச் சிவப்பு. ‘குழுவாகப் பிரித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமோ?’ சிவப்பு. ‘கடைசி வரிசையைப் பார்த்தீர்களா?’ அதுவும் சிவப்பு. பச்சையைத் தேட வேண்டியிருந்தது. நாம் நம்புவதாகச் சொல்லும் கொள்கையும் நம் நடத்தையில் வேலை செய்கிற கொள்கையும் வேறு வேறாக இருக்கலாம் என்று தொழில் செய்கிறவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் 1974-இலேயே எழுதிவிட்டார்கள். படித்தபோது மற்ற தலைமையாசிரியர்களைப் பற்றி எழுதியிருப்பதாகத்தான் பட்டது!

பதிவு மட்டும் போதாது என்பதால் இன்னும் இரண்டு வழிகள் வைத்திருந்தேன். ஒன்று, அன்றன்றே எழுதிய என் நாட்குறிப்பு. மற்றொன்று, ஆசிரியர்கள் பெயரில்லாமல் தட்டச்சு செய்து நண்பருக்கு அனுப்பிய துண்டுச்சீட்டு: வகுப்பில் என்ன மாற்றினீர்கள், மாற்றவில்லை என்றால் ஏன்? மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் பிடிபடும். ‘நல்ல உரையாடல்’ என்று நாட்குறிப்பில் நான் எழுதிய வாரத்தின் சீட்டுகளில் ‘எதுவும் மாற்றவில்லை’ என்று வந்திருந்தது.

இரண்டாவது சுற்றில் பேச்சின் அமைப்பை மாற்றினேன். வகுப்பில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஆசிரியரே முன்கூட்டிச் சொல்வார். நான் நேரத்தோடு நடந்ததை மட்டும் எழுதுவேன். ‘10.20, கேள்வி கேட்டார். மூன்று கை உயர்ந்தது. முதல் வரிசைக்கு வாய்ப்பு. 10.21, அதே வரிசைக்கு மறுபடி.’ நன்று, சுமார் என்று எதுவும் கிடையாது. அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் முதலில் பேசும்வரை காத்திருப்பேன். சொல்லும்போது எளிது. அந்த மௌனத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இந்த ஆராய்ச்சியிலேயே கஷ்டமான வேலை. கடைசியில் அவர் முயன்று பார்க்கப் போகிற ஒரே ஒரு விஷயத்தை எழுதிக்கொள்வோம். அதை மட்டும் பார்க்க மறுபடி கொஞ்ச நேரம் போவேன்.

புள்ளிகள் நீண்டன. அனுபவமுள்ளவர்களின் சீட்டு என்று தோன்றியவற்றில், மாற்றியதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இத்தோடு முடித்திருந்தால் அழகான அறிக்கை கிடைத்திருக்கும். ஆனால் ஒரு சீட்டு இப்படி வந்தது: ‘என்ன நினைக்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் தவிக்கப்போகிறேன்? சொல்லிவிட்டால் போதும்.’ இதே தொனியில் வேறு சிலவும் இருந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்பது நண்பரின் ஊகம், என்னுடையதும். ஆகவே மூன்றாவது சுற்றில் ஆரம்பத்திலேயே கேட்டுவிட ஆரம்பித்தேன்: இன்று யோசனை வேண்டுமா, சேர்ந்து யோசிக்கலாமா? யோசனை கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்வேன். பச்சை, சிவப்புக் கணக்கில் இது பின்னடைவு. எனக்கு அதில் வருத்தமில்லை.

இதை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பிட வேறு பள்ளி எடுத்துக்கொள்ளவில்லை. பதிவாகிறது என்று தெரிந்தால் எவரும் கொஞ்சம் நல்லவராகிவிடுவார், நானும்தான். பேச்சு மாறியதால் தேர்ச்சி விகிதம் ஏறியது என்று யாராவது அறிக்கை எழுதினால் நான் நம்ப மாட்டேன், இடையில் அத்தனை காரணங்கள் இருக்கின்றன. இந்த ஆசிரியர்களோடு, இந்தப் பேச்சில், இந்த மாற்றம் இந்த அளவு பலித்தது என்று சொல்லலாம். அடுத்த மாதம் என் வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க எனக்கு அது போதும். வேறு பள்ளியில் இருப்பவர் அங்கே தானே செய்துதான் பார்க்க வேண்டும்.

முடிவுகளை ஆசிரியர் கூட்டத்தில் நண்பரே எடுத்துச் சொன்னார், நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த சுற்றுக்கு ஆசிரியர் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே பேச்சு வந்தது. கேள்வியையும் அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: ‘கூட்டத்தில் எடுக்கும் முடிவுகளில் எத்தனை, கூட்டத்துக்கு முன்பே எடுக்கப்பட்டவை?’ பதிவு மட்டும் பழையபடி அவர்கள் ஃபோனில்தான்.